லைக் எத்தனை என்பதல்ல, கல்லாவில் எத்தனை என்பதே கேள்வி

"மகன் பேஸ்புக்கில் விளம்பரம் போடச் சொல்கிறான். மாதம் பதினைந்தாயிரம் ரூபா கேட்கிறான். கொடுக்கலாமா?"

சிறு வியாபாரிகள் இரண்டு பேர் சந்தித்தால் இப்போது இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. முன்பென்றால் டொலர் விலை, கன்டெய்னர் எப்போது இறங்கும், வங்கி வட்டி எவ்வளவு என்று பேசுவோம். இன்று அந்தப் பேச்சோடு பேஸ்புக், வட்ஸ்அப், டிக்டொக் என்பவையும் சேர்ந்துகொண்டன.

இதற்கு இரண்டு விதமான பதில்கள் கிடைக்கின்றன. இளைஞர்களைக் கேட்டால், "இது இல்லாவிட்டால் இனிமேல் கடையை மூட வேண்டியதுதான்" என்கிறார்கள். எங்கள் வயதுக்காரர்களைக் கேட்டால், "அது வேலை இல்லாதவர்களின் விளையாட்டு. சாமான் நல்லதாக இருந்தால் ஆட்கள் தேடி வருவார்கள்" என்கிறார்கள். இரண்டு பதிலிலும் ஒரு குறை உண்டு. இரண்டு சாராருமே கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்க்காமல் பேசுகிறார்கள்.

நான் முப்பது வருடங்களுக்கு மேலாகப் புடவைக் கடை நடத்தி வருபவன். கம்ப்யூட்டர் படித்தவன் அல்லன். ஆனால் வரவும் செலவும் பார்க்கத் தெரியும். அந்த அறிவு போதும், இந்த விடயத்தையும் விளங்கிக் கொள்ளலாம். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் நம்மில் பலர் கைமுதலை இழந்தோம். இருக்கின்ற கொஞ்சக் காசை எங்கே போடுவது என்பது இன்று ஒரு சிறு கடையின் உயிர்ப் பிரச்சினை. எனவே நிதானமாகப் பார்ப்போம்.

முன்பும் விளம்பரம் செய்தோம்

விளம்பரம் நமக்குப் புதிய விடயம் அல்ல. வருட முடிவில் கடைப் பெயரைப் போட்டுக் கலண்டர் அடித்துக் கொடுத்தோம். பெருநாள் சீசனுக்கு நோட்டீஸ் அடித்து வீடு வீடாகப் போட்டோம். முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டி ஊரைச் சுற்றினோம். சொப்பிங் பேக்கில் கடைப் பெயரையும் போன் இலக்கத்தையும் அச்சடித்தோம்.

அந்தக் காலத்தில் இவற்றைச் செய்யும்போது மூன்று கேள்விகளை நாம் கேட்டோம். ஒன்று, இதைப் பார்ப்பவர் யார்? இரண்டு, எவ்வளவு காலம் பார்ப்பார்? மூன்று, பார்த்தவர் கடைக்கு வருவாரா?

கலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாத ஆளுக்கு யாரும் கலண்டர் கொடுப்பதில்லை. வாடிக்கையாளருக்குத்தான் கொடுத்தோம். அது அவர் வீட்டுச் சுவரில் பன்னிரண்டு மாதம் தொங்கியது. பேஸ்புக்கில் போடும் படமோ சில மணித்தியாலங்களில் கீழே போய்விடும். அதன் மேல் வேறு நூறு படங்கள் வந்துவிடும். அதற்காகக் கலண்டர்தான் சிறந்தது என்று சொல்ல வரவில்லை. கலண்டரைத் தெரியாத ஊருக்கு அனுப்ப முடியாது, பேஸ்புக்கால் முடியும். அதே மூன்று கேள்விகளை இதனிடமும் கேட்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

பேஸ்புக் யாருடைய வியாபாரம்?

பேஸ்புக் 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. வியாபாரங்களுக்கான பேஜ் வசதியை 2007ஆம் ஆண்டின் இறுதியில் அது கொண்டுவந்தது. 2012இல் இன்ஸ்டகிராமையும் 2014இல் வட்ஸ்அப்பையும் அதே கம்பனி வாங்கியது. 2021இல் கம்பனியின் பெயர் மெட்டா என்று மாறியது. ஆகவே நாம் மூன்று கடை என்று நினைப்பவற்றுக்கு முதலாளி ஒருவரே.

அந்த முதலாளி எதை விற்கிறார்? 2023ஆம் ஆண்டில் மெட்டா கம்பனியின் வருமானம் ஏறத்தாழ 13,490 கோடி டொலர். அதில் 97 வீதத்துக்கும் மேல் விளம்பரத்தால் வந்தது. பேஸ்புக்கைப் பாவிப்பதற்கு நாம் காசு கொடுப்பதில்லை. பாவிப்பவர்களின் பார்வையைத்தான் கம்பனி விளம்பரக்காரர்களுக்கு விற்கிறது. இது குற்றம் அல்ல. பத்திரிகையும் வானொலியும் செய்வதும் அதுதான். ஆனால் அவர் நமக்குச் சேவை செய்ய உட்கார்ந்திருக்கவில்லை, வியாபாரம் செய்கிறார் என்பது நம் நினைவில் இருக்க வேண்டும்.

ஆரம்பத்தில் பேஜ் ஒன்றைத் திறந்து படம் போட்டால் அதை லைக் பண்ணியவர்கள் பலரும் பார்த்தார்கள். காலப்போக்கில் அது குறைந்தது. 2018 ஜனவரியில் நண்பர்கள், உறவினர்களின் பதிவுகளுக்கே முன்னிடம் கொடுக்கப்போவதாகக் கம்பனி அறிவித்தது. அதன் பின் வியாபாரப் பேஜ்களின் பதிவுகள் இலவசமாகப் போய்ச் சேர்வது மேலும் சுருங்கியது. ஐயாயிரம் லைக் சேர்த்தவர்கூட அந்த ஐயாயிரம் பேருக்கும் செய்தி போக வேண்டுமானால் காசு கட்டிப் 'பூஸ்ட்' பண்ண வேண்டிய நிலை வந்தது.

பூஸ்ட் பண்ணும் விலைக்கு நிலையான விலைப்பட்டியல் இல்லை. அது ஏலம் போன்றது. ஒரே ஆட்களுக்குக் காட்ட எத்தனை பேர் போட்டி போடுகிறார்களோ அதற்கேற்ப விலை ஏறும். பெருநாள், புத்தாண்டு, நத்தார் காலங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏலத்தில் நிற்கிறார்கள். பெரிய பெரிய கடைகளும் அதே ஏலத்தில்தான் நிற்கின்றன.

டொலர் விலையும் இதில் சேர்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. அந்த வருடம் மே மாதத்தில் அது 360 ரூபாவைத் தாண்டியது. பிறகு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. வெளிநாட்டுக் கம்பனியிடம் வாங்கும் விளம்பரமும் நமக்கு ஓர் இறக்குமதிச் சாமான் போன்றதுதான். இறக்குமதிச் சாமானை எப்படி விலை பார்த்து வாங்குவோமோ அப்படித்தான் இதையும் வாங்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு ஒரு சிறு புடவைக் கடை. நோன்புப் பெருநாளுக்கு முந்திய மாதம் 15,000 ரூபாவுக்குப் பூஸ்ட் பண்ணுகிறார்கள். நூற்றுக்கணக்கில் லைக் விழுகிறது. அறுபது பேர் இன்பொக்ஸில் விலை கேட்கிறார்கள். அதில் பதினெட்டுப் பேர் வாங்குகிறார்கள். ஒரு பில் சராசரி 6,500 ரூபா என்று வையுங்கள்.

மொத்த விற்பனை 117,000 ரூபா. மகன் சொல்வான், "வாப்பா, பதினைந்தாயிரம் போட்டு ஒரு இலட்சத்துக்கு மேல் எடுத்தோம்." கேட்க நன்றாக இருக்கும். ஆனால் விற்பனை இலாபம் அல்ல. சாமான் வாங்கிய விலை போக நூற்றுக்கு 22 ரூபா நிற்கிறது என்று வைத்தால், ஒரு பில்லில் இலாபம் 1,430 ரூபா. பதினெட்டு பில்லுக்கும் 25,740 ரூபா. விளம்பரச் செலவு 15,000 போக மிச்சம் 10,740 ரூபா.

இன்னும் கணக்கு முடியவில்லை. அந்தப் பதினெட்டுப் பேரில் ஏழு பேர் நம்முடைய பழைய வாடிக்கையாளர்கள். விளம்பரம் பார்க்காவிட்டாலும் பெருநாளுக்கு நம்மிடம்தான் வந்திருப்பார்கள். அவர்களை விளம்பரத்தின் வரவில் எழுதுவது நியாயம் அல்ல. மிச்சம் புதியவர்கள் பதினொரு பேர். அவர்களால் வந்த இலாபம் 15,730 ரூபா. 15,000ஐக் கழித்தால் 730 ரூபா.

அதோடு, காசு கைக்கு வந்த பின் பார்சல் கொடுக்கும் முறையில், அதாவது கேஷ் ஒன் டெலிவரி முறையில், அனுப்பிய மூன்று பார்சல்கள் திரும்பி வந்தன என்று வைப்போம். ஆள் போன் எடுக்கவில்லை, அல்லது "வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். கூரியர் கூலி ஒன்றுக்கு 450 ரூபா என்றால் 1,350 ரூபா நம் தலையில். இப்போது கணக்கு 620 ரூபா நட்டத்தில் நிற்கிறது. படம் எடுத்து, எழுதி, இரவு பதினொரு மணி வரை பதில் அனுப்பிய பிள்ளையின் உழைப்புக்கு இதில் ஒரு சதமும் போடவில்லை.

அப்படியானால் இது வீண் செலவா? அவசரப்பட வேண்டாம். அந்தப் புதிய பதினொரு பேரில் நான்கு பேர் இரண்டு மாதம் கழித்து ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுபடியும் வந்து அதே அளவு வாங்குகிறார்கள் என்று வையுங்கள். அந்த விற்பனைக்கு விளம்பரச் செலவு இல்லை. இலாபம் 5,720 ரூபா. 620 ரூபா நட்டம் போய் 5,100 ரூபா இலாபம் ஆகிறது. அடுத்த வருடமும் அவர்கள் வந்தால் இன்னும் கூடும்.

இந்தக் கணக்கில்தான் முழுப் பாடமும் இருக்கிறது. முதல் விற்பனையின் இலாபத்தை விளம்பரக் கம்பனியும் கூரியரும் கொண்டுபோகின்றன. இரண்டாவது விற்பனையின் இலாபம்தான் நமக்கு. ஓர் ஆளை ஒரு தடவை வாசல் வரை கொண்டு வந்து விடுவது மட்டும்தான் பேஸ்புக்கின் வேலை. இரண்டாவது தடவை அவரைக் கொண்டு வருவது சாமானின் தரமும், நாம் பேசிய விதமும், மாற்றித் தரச் சொன்னபோது நாம் காட்டிய முகமும்தான். வந்தவரைப் பிடித்து வைக்கத் தெரியாத கடைக்கு விளம்பரம் ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது போன்றது.

உங்கள் இலக்கங்கள் வேறாக இருக்கும். என் உதாரணத்தை எடுத்துவிட்டு உங்கள் பில்லையும் உங்கள் இலாப வீதத்தையும் போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு ஐந்து ரூபா நிற்கும் சாமானுக்கும் நாற்பது ரூபா நிற்கும் சாமானுக்கும் ஒரே விடை வராது.

எந்த வியாபாரத்துக்கு எது பொருந்தும்?

எல்லாச் சட்டையும் எல்லோருக்கும் அளவாக இராது. தொழிலுக்குத் தொழில் பார்ப்போம்.

சில்லறைக் கடை: சீனி, மா, பருப்பு விற்கும் கடைக்கு வருபவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள். ஒரு கிலோ சீனியில் நிற்பது சில ரூபாதான். இதற்குக் காசு கொடுத்து விளம்பரம் செய்வது பொருந்தாது. ஆனால் வட்ஸ்அப் நன்றாகப் பொருந்தும். 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்குச் சட்டம் போடப்பட்ட பின் வந்த வாரங்களை நினைத்துப் பாருங்கள். துண்டில் எழுதிய சாமான் பட்டியலை ஆட்கள் போனில் படம் எடுத்து அனுப்பினார்கள், கடைக்காரர்கள் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்தப் பழக்கத்தை விடாமல் வைத்திருக்கும் கடைக்கு இன்றும் அதனால் பயன் உண்டு. அதற்குச் செலவு ஒரு போனும் ஒரு சைக்கிளும்தான்.

ஹார்ட்வெயார்: மேசன் பாஸ்மாரும் கொன்ட்ராக்டர்மாரும் விளம்பரம் பார்த்துக் கடை மாறுவதில்லை. கடன் தவணை, சாமான் கையிருப்பு, நேரத்துக்கு லொறி வருவது, இவற்றைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் உடைந்த பைப் துண்டை ஒரு பாஸ் போனில் படம் எடுத்து, "நானா, இது இருக்கா?" என்று கேட்கிறார். உடனே "இருக்கு, இவ்வளவு" என்று பதில் சொல்லும் கடைக்கு வியாபாரம் போகிறது. இங்கும் வட்ஸ்அப்தான் ஆயுதம்.

சாப்பாட்டுக் கடை, பேக்கரி: வெளியூரில் இருந்து வருபவர் பசியோடு போனில் கூகிள் மெப்பைத் திறந்து பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடுகிறார். அதில் உங்கள் கடை இருக்கிறதா? திறக்கும் நேரம், போன் இலக்கம், இரண்டு நல்ல படம் இருக்கிறதா? கூகிளில் கடையைப் பதிவு செய்வதற்குக் காசு இல்லை. பூஸ்ட்டுக்கு ஒரு ரூபா செலவழிக்கும் முன் இதைச் செய்ய வேண்டும்.

வீட்டுத் தொழில்: கேக் செய்யும், அபாயா தைக்கும், பெருநாளுக்கு வட்டிலப்பம் ஓடர் எடுக்கும் நம் பெண்களுக்கு இந்த ஊடகங்கள் உண்மையான வரப்பிரசாதம். கடை வாடகை இல்லை, அட்வான்ஸ் இல்லை, பெயர்ப் பலகை இல்லை. இன்ஸ்டகிராம் பக்கமே அவர்களின் கண்ணாடி அலுமாரி. சாமான் கண்ணுக்கு அழகானது, இலாப வீதமும் கூட, ஓடர் எடுத்த பிறகுதான் செய்கிறார்கள் என்பதால் கையிருப்பு தேங்குவதும் இல்லை. இவர்கள் சிறு தொகை செலவழித்துப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

தனித்துவமான சாமான்: மருதமுனைக் கைத்தறியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கு நெய்யும் சாரத்தையும் சாரியையும் எந்தக் கடையிலும் வாங்கலாம் என்றில்லை. 2004 சுனாமியில் அந்த ஊரின் நெசவுத் தொழில் பலத்த அடி வாங்கியது. அப்படிப்பட்ட ஓர் ஊரின் நெசவாளி கொழும்பில் இருக்கும் வாடிக்கையாளருக்குத் தறியையும் துணியையும் நேரடியாகக் காட்ட முடிகிறது என்றால் அது பெரிய விடயம். மற்றவர்களிடம் இல்லாத சாமான் வைத்திருப்பவருக்குத் தூரத்து வாடிக்கையாளர் பெறுமதியானவர். எல்லாக் கடையிலும் கிடைக்கும் அதே சாமானை வைத்திருப்பவர் தூரத்து ஆளிடம் விலையைக் குறைத்துத்தான் போட்டி போட வேண்டி வரும்.

பெறுமதி கூடிய சாமான்: பேருவளை சீனன்கோட்டை மாணிக்கக் கல் வியாபாரத்தைப் பாருங்கள். ஒரு கல்லின் நிறம் வெயிலில் ஒரு மாதிரி, மின்வெளிச்சத்தில் ஒரு மாதிரி. போன் திரையில் இன்னொரு மாதிரி. படம் பேச்சைத் தொடங்க உதவும். ஆனால் கையில் எடுத்துப் பார்க்காமல் பெரிய தொகைக்குக் கை கொடுப்பவர் குறைவு. அங்கே விலை போவது பல வருட நம்பிக்கை. அதைப் பூஸ்ட் பண்ணி வாங்க முடியாது.

வாடகை இடமும் சொந்த இடமும்

நம் வியாபாரிகளுக்கு வாடகைக் கடையின் கஷ்டம் தெரியும். நாம் உழைத்து இடத்துக்குப் பெயர் எடுத்துக் கொடுப்போம். பிறகு கட்டடக்காரர் வாடகையை ஏற்றுவார், அல்லது கடையைக் கேட்பார். பேஸ்புக் பேஜும் அப்படிப்பட்ட ஒரு வாடகை இடம்தான். விதிகளை அவர்கள் மாற்றுவார்கள். கணக்கை முடக்கினால் முறையிடக் கந்தோர் ஒன்று நம் ஊரில் இல்லை.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாம் ஒரு வாரமளவில் தடை செய்யப்பட்டிருந்தன. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின்னும் தடை வந்தது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி போராட்ட நேரத்தில் பல மணித்தியாலங்கள் மறுபடியும் தடை. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி யாருடைய தடையும் இல்லாமலே கம்பனியின் சொந்தக் கோளாறால் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணித்தியாலம் எல்லாம் நின்றுபோயின. அந்த நாட்களில் பேஜை மட்டும் நம்பியிருந்தவரின் கடை பூட்டிக் கிடந்தது. வாடிக்கையாளரின் பெயரையும் போன் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தவர் சாதாரணக் கோல் எடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

அந்தக் கொப்பிதான் நம் சொந்த இடம். விளம்பரத்தின் மூலம் வரும் ஒவ்வொருவரின் பெயர், இலக்கம், என்ன வாங்கினார் என்ற மூன்று விடயத்தையும் அவர் சம்மதத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். அப்போது அவர் பேஸ்புக்கின் ஆளாக இருந்து உங்கள் ஆளாக மாறுகிறார். ஆனால் அந்த இலக்கங்கள் ஓர் அமானிதம். வேறு ஆளுக்குக் கொடுக்கவோ விற்கவோ கூடாது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் நம் நாட்டில் நிறைவேற்றப்பட்டிருக்கிறது.

காசு போடும் முன் செய்ய வேண்டியவை

1. வட்ஸ்அப் பிஸ்னஸ் என்ற செயலியைப் போனில் போடுங்கள். 2018இல் வந்த இது சிறு வியாபாரிகளுக்கென்றே செய்யப்பட்டது, இலவசம். சாமான்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கி வைக்கலாம். கடை பூட்டியிருக்கும் நேரத்தில் தானாகப் பதில் போகச் செய்யலாம்.

2. உங்கள் இலக்கத்தை வாடிக்கையாளரின் போனில் பதியச் சொல்லுங்கள். பலருக்கு ஒரே தடவையில் அனுப்பும் 'ப்ரோட்காஸ்ட்' செய்தி, உங்கள் இலக்கத்தைப் பதிந்து வைத்தவருக்குத்தான் போய்ச் சேரும். பதிந்தவர்களுக்கும் தினமும் அனுப்பித் தொல்லை கொடுக்காதீர்கள். புதுச் சாமான் வந்தால் மட்டும் அனுப்புங்கள்.

3. விலையை வெளிப்படையாகப் போடுங்கள். "விலைக்கு இன்பொக்ஸ் வாருங்கள்" என்று போடுவதால் அறுபது பேருக்குப் பதில் எழுதும் வேலை கூடுகிறது, வாங்காதவர் தொகையும் கூடுகிறது. கடையில் விலை ஒட்டுகிறோம், இங்கு ஏன் மறைக்க வேண்டும்?

4. படத்தில் காட்டியதையே கொடுங்கள். இன்டர்நெட்டில் இருந்து எடுத்த படத்தைப் போட்டு வேறு துணியைக் கொடுப்பது ஏமாற்று. நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடுக்கிறது. வாடிக்கையாளர் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். அதைவிடப் பெரிய தண்டனை, அவர் இரண்டாவது தடவை வரமாட்டார்.

5. பேஜின் உரிமை உங்கள் கையில் இருக்கட்டும். கடையில் வேலை செய்யும் தம்பியின் சொந்தக் கணக்கில் பேஜைத் திறந்துவிட்டு, அவர் கட்டாருக்குப் போன பின் கடவுச்சொல் தேடி அலையும் கடைகள் உண்டு. முதலாளியும் நிர்வாகியாக இருக்க வேண்டும். வட்ஸ்அப்பில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது.

6. காசு கட்டிய ஸ்லிப்பின் படத்தை நம்பிச் சாமானை அனுப்பாதீர்கள். படத்தை மாற்றி அமைப்பது இன்று மிக இலகு. வங்கிக் கணக்கில் காசு விழுந்ததா என்று பார்த்த பின் பார்சலைக் கட்டுங்கள்.

7. பூஸ்ட் பண்ணுவதாயின் சிறு தொகையில் தொடங்குங்கள். நாடு முழுவதற்கும் காட்ட வேண்டாம். உங்கள் ஊரையும் சுற்றியுள்ள சில மைல்களையும் தெரிவு செய்யலாம். நோக்கம் என்ன என்று கேட்கும்போது லைக்கைத் தெரிவு செய்யாமல், செய்தி அனுப்புவதைத் தெரிவு செய்யுங்கள். லைக் கேட்டால் லைக்தான் கிடைக்கும். லைக்கை வங்கியில் வைப்பிலிட முடியாது.

8. "மாதம் இவ்வளவு தாருங்கள், நாங்கள் எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்" என்று வருபவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "தம்பி, மாத முடிவில் எனக்கு எந்தக் கணக்கைக் காட்டுவீர்?" எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மட்டும் சொன்னால் ஒரு கோப்பை தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். எத்தனை பேர் விலை கேட்டார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள், அதில் புதியவர் எத்தனை என்று காட்டத் தயாரானால் உட்காரவைத்துப் பேசலாம்.

கடையின் வாய்

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. கடைப் பெயரில் இருக்கும் பேஜ் கடையின் வாய். அதில் அரசியல் வேண்டாம், சண்டை வேண்டாம், மற்றவரைக் கிண்டல் பண்ணும் படம் வேண்டாம். 2019 மே மாதத்தில் சிலாபத்தில் ஒரு பேஸ்புக் பதிவு தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டுப் பள்ளிவாசல்களும் கடைகளும் கல்லெறிக்கு இலக்காகின. அந்தக் காலத்தில் நம் கடைகளைப் பகிஷ்கரிக்கச் சொல்லும் செய்திகளும் இதே ஊடகங்களில்தான் பரவின. அப்படிப்பட்ட ஒரு காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாம். எல்லாச் சமூகத்து வாடிக்கையாளரும் வரும் கடை என்றால், சிங்களத்திலும் தமிழிலும் மரியாதையாக எழுதப்பட்ட ஒரு சாதாரணப் பதிவு நூறு பூஸ்ட்டுக்குச் சமம். திட்டி எழுதுபவருக்குத் திட்டிப் பதில் எழுத வேண்டாம். "மன்னிக்கவும், கடைக்கு வாருங்கள், பார்த்துத் தருகிறோம்" என்ற ஒரு வரி போதும். அதை மற்ற நூறு பேரும் வாசிக்கிறார்கள்.

முடிவாக

சிறு வியாபாரிக்கு இது பயனுள்ளதா என்றால், என் பதில் இதுதான். இலவசமாகக் கிடைக்கும் பகுதி, அதாவது வட்ஸ்அப்பும் கூகிள் மெப்பும் ஒழுங்காக வைத்திருக்கும் ஒரு பேஜும், ஏறத்தாழ எல்லாக் கடைக்கும் பயனுள்ளது. காசு கொடுக்கும் பகுதி, இலாப வீதம் கூடிய, படத்தில் காட்டக்கூடிய, திரும்பவும் வாங்கக்கூடிய சாமான் வைத்திருப்பவருக்கு மட்டும் பயனுள்ளது. அதிலும் வந்தவரைப் பிடித்து வைக்கத் தெரிந்தவருக்கே. மற்றவர்கள் அந்தக் காசில் சாமான் எடுப்பதோ, கடைக்கு ஒரு நல்ல மின்குமிழ் போடுவதோ மேல்.

ஒரு சிறு வேலை தருகிறேன். நாளையில் இருந்து ஒரு மாதம் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி வையுங்கள். எங்கள் கடையிலும் இதைத்தான் செய்கிறோம். புதிய முகம் ஒன்று வந்தால் பில் போடும்போது, "எங்கள் கடையைப் பற்றி எப்படித் தெரிய வந்தது?" என்று சிரித்த முகத்தோடு கேளுங்கள். பேஸ்புக், வட்ஸ்அப், கூகிள், பெயர்ப் பலகை, தெரிந்தவர் சொன்னார் என்று ஐந்து கோடு போட்டு அடையாளம் இடுங்கள். எங்கள் கொப்பியில் 'தெரிந்தவர் சொன்னார்' என்ற கோடுதான் எப்போதும் நீளமானது. பேஸ்புக் பார்த்து வந்தோம் என்றவர்களில் பலரும் யாரோ ஒருவரிடம் "அந்தக் கடை எப்படி?" என்று விசாரித்த பின்தான் வந்திருந்தார்கள்.

மாத முடிவில் உங்கள் கொப்பி உங்களுக்குப் பதில் சொல்லும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு மகனோடு உட்கார்ந்து பேசுங்கள். எந்தக் கோட்டுக்கு எவ்வளவு காசு போடலாம் என்று இருவரும் சேர்ந்து தீர்மானியுங்கள். அவனுக்குப் போன் தெரியும், உங்களுக்குக் கணக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால் கடை நிற்கும், இன்ஷா அல்லாஹ்.